சிற்றூர் வங்கிகளின் டாலர் நோட்டுகள்: கேள்வி பதில்

கேள்வி: 1929 வரிசை 10 டாலர் நோட்டு ஒன்று பழம்பொருள் சந்தையில் கிடைத்தது. அதில் அயோவா மாநிலச் சிற்றூர் வங்கி ஒன்றின் பெயர் உள்ளது. ஒரு சிற்றூர் வங்கி எப்படி டாலர் வெளியிட முடிந்தது?

பதில்: 1863-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சாசனம், அதாவது இயங்குவதற்கான அரசு அனுமதி, பெற்ற தேசிய வங்கி எதுவாயினும், அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களைக் கருவூலத்தில் ஈடாக வைத்துவிட்டு, அதற்கேற்பத் தன் பெயர் பொறித்த நோட்டுகளைப் பெற்று வெளியிடலாம். 1935 வரை 12,000-க்கும் மேற்பட்ட வங்கிகள் அவ்வாறு வெளியிட்டன. உங்கள் நோட்டை அச்சிட்டது வாஷிங்டனில் உள்ள அரசு அச்சகம்.

கேள்வி: என் நோட்டிலும் பழுப்பு முத்திரையும் ‘நேஷனல் கரன்சி’ என்ற சொற்களும் உள்ளன, ஆனால் வங்கியின் பெயர் ‘ஃபெடரல் ரிசர்வ் பேங்க் ஆஃப் சிகாகோ’. இதுவும் அதே வகைதானா?

பதில்: இல்லை. அது உள்ளூர் வங்கி அல்ல, அமெரிக்க மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த வங்கி. இந்தக் குழப்பத்தால் பணத்தை இழந்தவர்கள் உண்டு. உங்கள் நோட்டில் சாசன எண் (சாசனம் பெற்ற வங்கிக்குத் தரப்பட்ட எண்) இருக்காது. அதற்குப் பதிலாகச் சிகாகோவைக் குறிக்கும் ‘ஜி’ என்ற எழுத்து இருக்கும். உள்ளூர் வங்கி நோட்டில் அந்த வங்கிக்கே உரிய எண் இருக்கும்: 1929 வரிசையின் முதல் வகையில் கறுப்பு மையில் இரண்டு இடங்களிலும், 1933-இல் வந்த இரண்டாம் வகையில் பழுப்பு மையில் கூடுதலாக இரண்டு இடங்களிலும் அதைக் காணலாம்.

கேள்வி: ஊர் சிறியதானால் விலை கூடுமா?

பதில்: ஊரின் அளவை வைத்து விலை சொல்பவரை நான் நம்புவதில்லை. அந்த வங்கியின் நோட்டுகளில் இன்று எத்தனை எஞ்சியுள்ளன, அவற்றைத் தேடுவோர் எத்தனை பேர் என்ற இரண்டுமே விலையைத் தீர்மானிக்கின்றன. ஒரு குக்கிராமத்து வங்கியின் நோட்டுகளை யாரோ கட்டுக்கட்டாகச் சேமித்து வைத்திருந்தால், அவை எளிதாகவே கிடைக்கும். பெரிய நகரத்தில் சில ஆண்டுகளே இயங்கி மூடப்பட்ட வங்கியின் நோட்டோ அரிதாக இருக்கக்கூடும். ஆகவே சாசன எண்ணைக் கொண்டு எஞ்சிய நோட்டுகளின் கணக்கெடுப்பைப் பாருங்கள். பிறகு அதே வங்கியின் நோட்டு அண்மை ஏலங்களில் உண்மையில் விற்ற விலையைப் பாருங்கள். கடைக்காரர் ஒட்டிவைத்த விலை அவருடைய ஆசை மட்டுமே.

கேள்வி: மடிப்புகளை இஸ்திரி போட்டு நீக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். கழுவியதும் அழுத்தியதும் தேர்ந்த கண்ணுக்குத் தெரிந்துவிடும், மதிப்பும் குறைந்துவிடும்.

கேள்வி: என் 1902 வரிசை நோட்டில் கையொப்பங்களே தெரியவில்லை, ஓரமும் கோணலாக உள்ளது. போலியா?

பதில்: அதை மட்டும் கொண்டு போலி என்று சொல்ல முடியாது. அக்காலப் பெரிய அளவு நோட்டுகள் வெட்டப்படாத தாள்களாகவே வங்கிக்கு வந்தன. காசாளரும் தலைவரும் பேனாவாலோ ரப்பர் முத்திரையாலோ ஒப்பமிட்ட பின், வங்கியிலேயே அவற்றை வெட்டினார்கள். அந்த மை மங்கி மறைவது வழக்கம். சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பேனா முனையின் கீறல் தென்படலாம். அதன்மேல் மறுபடி எழுதிவிடாதீர்கள்.