பேஸ் கிட்டாரின் வொல்யூம் பொட்டை மாற்ற வேண்டும்: 250 கே போடுவதா, 500 கே போடுவதா?

உங்களுடையது ஜாஸ் பேஸ் மாதிரியில் செய்த, பற்றரி இல்லாத பேஸ். இரண்டு வொல்யூம், ஒரு டோன். ஒரு வொல்யூம் திருப்பும்போது கரகரக்கிறது. இரண்டையும் முழுதாகத் திறந்துவைத்து ஒன்றை லேசாக இறக்கினாலே அந்தப் பிக்கப்பின் (கம்பியின் அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் சுருளின்) சத்தம் காணாமல் போகிறது. எந்த மதிப்பில் பொட் (குமிழுக்குக் கீழே இருக்கும் மாறும் மின்தடை; கே என்றால் கிலோ ஓம்) போடுவது, கொழும்பில் எங்கே வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

என் பதில்: 250 கே, லீனியர் (திருப்பும் அளவுக்குச் சீராக மாறும் வகை), உங்கள் பழைய பொட்டின் உடலளவிலேயே. எல்லோரும் 250க்கும் 500க்கும் நடுவே நின்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். ஆனால் வாசிக்கும்போது கையில் அதிகம் தெரிவது அந்த மதிப்பு அல்ல, டேப்பர்தான், அதாவது குமிழைத் திருப்பத் திருப்ப மின்தடை மாறும் விதம். உங்கள் இரண்டாவது முறைப்பாடும் அதைப் பற்றியதே.

அதற்கு முன் ஒன்று. கரகரப்புக்காக மட்டும் பொட்டை மாற்றிவிடாதீர்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி போலக் கடலோரமாக இருக்கிறவர்களுக்கு உப்புக்காற்றும் ஈரமும் சேர்ந்து இந்தத் தொல்லையைக் கொடுக்கத்தான் செய்யும். வயர் பிடிக்கும் மூன்று கால்கள் நீட்டிக்கொண்டிருக்கும் பக்கத்தில் பொட்டின் உடலில் ஒரு சிறிய இடைவெளி தெரியும். அதற்குள் கொன்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, குமிழை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை நன்றாகப் பல தடவை திருப்புங்கள். மெஷின் எண்ணெய் வேண்டாம், அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிளீனர் காய்ந்த பிறகும் ஒரே இடத்தில் மட்டும் கரகரத்தால் உள்ளே கரித்தடம் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது மாற்றத்தான் வேண்டும்.

சரி, மதிப்புக்கு வருவோம். பொட் என்பது பிக்கப்புக்கு ஒரு சுமை. பிக்கப்பின் சுருளும் கேபிளின் கொள்ளளவும் சேர்ந்து மேல் சுருதிகளில் ஓரிடத்தில் ஒரு மேடு எழும்பும். சுமை கூடக்கூட, அதாவது மின்தடை குறையக்குறைய, அந்த மேடு தட்டையாகும். ஜாஸ் பேஸில் இரண்டு வொல்யூமும் டோனும் ஒன்றுக்கொன்று பக்க இணைப்பில் நிற்கின்றன. மூன்றும் 250 கே என்றால் மேல் சுருதிகளுக்குச் சுமை சுமார் 83 கே, மூன்றும் 500 கே என்றால் சுமார் 167 கே. ஒரு வொல்யூம், ஒரு டோன் மட்டும் உள்ள பிரசிஷன் பேஸில் அதே 250 கே பொட்டுகளோடு 125 கே. ஆகவே 500 கே போட்டால் சத்தம் கொஞ்சம் பளிச்சென்று இருக்கும் என்பது உண்மைதான். புதிய ரவுண்ட்வவுண்ட் (பளிச்சென்று ஒலிக்கும் வகை) கம்பி போட்டு ஸ்லாப், அதாவது கட்டைவிரலால் அடித்து, வாசிப்பவருக்கு அது காதில் படும். ஃபிளட்வவுண்ட் (மங்கலாக ஒலிக்கும் வழவழப்பான கம்பி) போட்டிருப்பவருக்கு அநேகமாகப் படாது. பைலாவுக்கோ கோயில், தேவாலயப் பாட்டுக்கோ வாசிக்கிறீர்கள் என்றால் அந்த மேல் சுருதியில் ஏற்கனவே சிம்பலும் கீபோர்ட்டும் உட்கார்ந்திருக்கும். பேஸிடம் அங்கே யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

500 கே-க்கு ஒரு குறையும் உண்டு. சாதாரண வயரிங்கில் வொல்யூமை இறக்கும்போது சத்தத்தோடு கூர்மையும் மங்கும். பொட்டின் மின்தடை நடுப்புள்ளியில் நிற்கும்போது அது வெளியே காட்டும் மின்தடை அதன் மதிப்பில் கால்வாசி: 250 கே-க்கு 62.5 கே, 500 கே-க்கு 125 கே. ஐந்து மீற்றர் கேபிள் சுமார் 500 பிக்கோஃபரட் என்று வைத்துக்கொண்டால் முதலாவதில் 5 கிலோ ஹேர்ட்ஸ் அளவில் மேல் சுருதி சரியத் தொடங்கும், இரண்டாவதில் 2.5 கிலோ ஹேர்ட்ஸிலேயே. விரல் நுனி கம்பியில் படும் ஓசையெல்லாம் அந்த இடத்தில்தான் இருக்கிறது. ஹம்பக்கர் (இரட்டைச் சுருள்) பிக்கப் என்றால் 500 கே வழக்கம், அது வேறு கதை. பற்றரி உள்ள அக்டிவ் பிக்கப்புக்கு 25 கே. இதை மாற்றிப் போட்டால் இரண்டு பக்கமும் கெடும்: உங்களுடையதில் 25 கே போட்டால் சத்தம் போர்வை போர்த்தியது போல அமுங்கிப்போகும், அக்டிவில் 250 கே போட்டால் குமிழ் கிட்டத்தட்ட சுவிட்ச் ஆகிவிடும்.

இனி டேப்பர். பொட்டின் முதுகிலோ ஓரத்திலோ A250K அல்லது B250K என்ற மாதிரி அடித்திருக்கும். நம் சந்தைக்கு வரும் ஆசியத் தயாரிப்புகளில் ஏ என்றால் ஓடியோ, பி என்றால் லீனியர். பழைய ஐரோப்பியப் பொட்டுகள் சிலவற்றில் இது தலைகீழ், ஆகவே எழுத்தை மட்டும் நம்பாமல் மீற்றர் வைத்துப் பாருங்கள். குமிழ் நடுவில் நிற்கும்போது லீனியரில் மொத்த மின்தடையின் பாதி இருக்கும், ஓடியோவில் பத்து, பதினைந்து வீதம்தான் இருக்கும். நம் காது சத்தத்தைக் கேட்கும் விதத்துக்கு ஓடியோதான் பொருத்தம் என்பதால் ஒற்றை வொல்யூம் உள்ள பேஸுக்கு நான் யோசிக்காமல் ஓடியோ சொல்வேன்.

ஜாஸ் பேஸில் கதை மாறுகிறது. அதில் பிக்கப் நடுக்காலில் வந்து சேரும், வெளியே போகும் வயர் ஓரக்காலில் இருக்கும். ஒன்றைப் பூச்சியத்துக்கு இறக்கினாலும் மற்றது ஊமையாகக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. இரண்டும் முழுதாகத் திறந்திருக்கும்போது ஒவ்வொரு பிக்கப்பும் தன் 7, 8 கிலோ ஓமோடு நேரடியாகச் சந்திக்கிறது. ஒன்றைப் பத்தில் ஒரு பங்கு இறக்குங்கள். லீனியர் என்றால் அதன் வழியில் 25 கே குறுக்கே வந்து நிற்கும், மற்றதன் வழியில் அதே எட்டு மட்டும். கலவையில் இறக்கியதன் பங்கு அப்போதே மற்றதன் பங்கில் ஏறத்தாழ நாலில் ஒன்றுக்கு விழுந்துவிடும். ஓடியோ என்றால் அதே அளவு திருப்பலில் இதைவிட அதிகத் தடை குறுக்கே வரும், பங்கு இன்னும் வேகமாக விழும். நீங்கள் சொன்ன "லேசாக இறக்கினாலே காணாமல் போகிறது" இதுதான். உங்களுடையதில் இப்போது ஓடியோ இருந்தால் லீனியர் போட்டதும் கலவை கைக்கு அடங்கும். முழுதாகத் தீராது, ஏனென்றால் மிச்சம் வயரிங்கின் குணம்.

லீனியருக்கும் ஒரு குறை உண்டு. ஒரு பிக்கப்பை மட்டும் வைத்து அதன் குமிழால் மொத்தச் சத்தத்தையும் ஏற்றி இறக்கினால், நெடுந்தூரம் பெரிதாக ஒன்றும் நடக்காமல் கடைசியில் சட்டென்று விழும். அப்படி வாசிப்பவர் ஓடியோவிலேயே இருக்கலாம். நான் இரண்டையும் கலந்து வாசிப்பவன், எனக்கு லீனியர். அப்புறம், கல்யாண மண்டபங்களில் விளக்குகளின் டிமர் ஓடும் இடத்தில் இரண்டு வொல்யூமையும் முழுதாகவே வைத்து வாசியுங்கள். ஜாஸ் பேஸின் இரண்டு பிக்கப்பும் எதிரெதிராகச் சுற்றப்பட்டவை என்பதால் இரண்டும் சமமாகத் திறந்திருந்தால்தான் அந்த 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துப்போகும்.

வாங்குவது புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில்தான். பழைய பொட்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள், படம் போதாது. அங்கே அதிகம் கிடைப்பது அம்ப்ளிஃபயருக்கான 10 கே, 50 கே, 100 கே வகைகள். 250 கே கேட்டால் சில கடைகளில் தேட வேண்டிவரும். "நானா, மீற்றர் இருந்தா ஒருக்கா தாங்க" என்று கேட்டு, இரண்டு ஓரக்கால்களுக்கு நடுவே அளந்துவிட்டுக் காசு கொடுங்கள். இருபது வீதம் முன்பின் இருப்பது இந்தப் பொருளில் சாதாரணம், 250 என்று அடித்தது 210 காட்டினால் கடைக்காரரோடு சண்டை பிடிக்க ஒன்றுமில்லை. இரண்டு மூன்றை அளந்து, 250க்கு மேலே நிற்பதை எடுங்கள். அளப்பது தனிப் பொட்டை மட்டும். பேஸில் வயரோடு இருக்கும்போது அளந்தால் பிக்கப்பின் சிறிய மின்தடை குறுக்கே வந்து பொய்க் கணக்குக் காட்டும்.

அளவுப் பொருத்தத்தில்தான் பலர் இரண்டாம் தடவை புறக்கோட்டைக்கு அலைகிறார்கள். அமெரிக்க அளவுப் பொட்டின் கழுத்து கிட்டத்தட்ட 9.5 மில்லிமீற்றர், உடல் 24 மில்லிமீற்றர். மலிவான பேஸ்களில் இருக்கும் சின்னப் பொட்டின் கழுத்து 7 மில்லிமீற்றர் அளவு, உடல் 16. பெரியதை வாங்கினால் உலோகத் தட்டின் ஓட்டையைப் பெருக்க வேண்டும், உள்ளே குழியிலும் இடம் வேண்டும். வெட்டுப்பல் உள்ள தண்டு என்றால் அமெரிக்க வகையில் 24 பல், மெட்ரிக் வகையில் 18. ஒன்றின் குமிழை மற்றதில் வலுக்கட்டாயமாக இறக்கினால் பிளாஸ்டிக் வெடிக்கும். உங்கள் குமிழில் பக்கவாட்டுத் திருகு இருந்தால் வழவழப்பான முழுத்தண்டு வாங்குங்கள், தண்டு 6 மில்லிமீற்றரா 6.35ஆ என்று பழையதோடு வைத்துப் பாருங்கள்.

சோல்டர் செய்யும்போது பொட்டின் முதுகில் எர்த் வயர் பிடிக்கும் இடத்தை முதலில் உப்புத்தாளால் நன்றாகத் தேயுங்கள். அங்கே 25 வோட் அயனை வைத்து நெடுநேரம் சூடாக்கினால் உள்ளே கரித்தடம் வெந்துபோகும். 40 வோட்டுக்கு மேல் உள்ளதை வைத்து ஈயம் ஓடியதும் உடனே எடுத்துவிடுங்கள். தட்டைப் பூட்டும் முன் கேபிளைச் செருகி, அம்ப்ளிஃபயரைக் குறைத்து வைத்து, பிக்கப்பின் மேல் ஒரு திருப்புளியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். குமிழ் தலைகீழாக வேலை செய்தால் இரண்டு ஓரக்கால்களின் வயர்களும் மாறிப்போயிருக்கின்றன, அவற்றை இடம் மாற்றினால் போதும். கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் பிரிட்ஜிலிருந்து (கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் உலோகத் துண்டிலிருந்து) வரும் எர்த் வயர் சரியாகப் பிடித்திருக்கிறது.