பினாங்கில் கட்டடத்துக்குத் தோண்டும்போது எலும்பு கிடைத்தால், யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

அதற்குத்தான் தடயவியல் மானிடவியலாளர் இருக்கிறார். எளிதாகச் சொன்னால், எலும்பைப் படிப்பவர். முதலில் அது மனித எலும்புதானா என்று பார்ப்பார். பன்றி எலும்பு என்று அங்கேயே கதை முடிவதும் உண்டு.

அப்புறம் ஆணா பெண்ணா என்று அறிய இடுப்பெலும்பு. பிரசவத்துக்கு ஏற்றபடி பெண்களுக்கு அது அகன்றிருக்கும். வயதுக்குக் காறையெலும்பு, அதாவது கழுத்துக்குக் கீழே நெஞ்சிலிருந்து தோளுக்குப் போகும் எலும்பு: அதன் நெஞ்சுப்பக்க முனை முழுதாக ஒட்டிக்கொள்ள ஏறக்குறைய 30 வயதாகிவிடும். ஒட்டாமல் இருந்தால் ஆள் இளையவர். உயரத்தைத் தொடையெலும்பு சொல்லும். முறிந்து ஆறிய இடம் தடித்திருக்கும். ஜார்ஜ்டவுன் பழைய கடைவீட்டுச் சுவரில் ஒட்டுப்போட்ட இடத்தைக் கொத்தனார் கண்டுபிடிப்பாரே, அப்படி.

எலும்பைப் பார்த்ததும் பெயரையே சொல்லிவிடுவார் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, காணாமல்போனோர் பட்டியலைச் சுருக்கித் தருவார். ஆளை உறுதிசெய்வது பெரும்பாலும் பல் மருத்துவப் பதிவும் உறவினரின் டிஎன்ஏவும்தான்.