நினைவு நாணயத்துக்கு எந்த ஆண்டை எழுதுவது?

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "அப்பா சேர்த்து வைத்த நினைவு நாணயங்களை எக்செல்லில் பட்டியல் போடுகிறேன். 'ஆண்டு' என்று ஒரு பத்திதான் வைத்திருக்கிறேன். நேரு ஒரு ரூபாய்க்கு 1889 போடுவதா, 1964 போடுவதா? எம்.எஸ். சுப்புலட்சுமி நாணயம் 2016-ஆ, 2017-ஆ? ஃபோர்ட்டில் டீலர் ஒன்று சொல்கிறார், இணையத்தில் வேறு இருக்கிறது."

ஒரே பத்தி வைத்ததுதான் சிக்கல். புழக்கத்தில் உள்ள சாதாரண நாணயத்தில் ஒரு ஆண்டுதான் இருக்கும். அதை எழுதினால் போதும். நினைவு நாணயம் அப்படியல்ல. நாணயத்தில் பொறித்தது, நினைவுகூரும் நிகழ்வின் தேதி, அரசிதழ் அறிவிப்பின் தேதி, வெளியீட்டுத் தேதி, உங்கள் கைக்கு வந்த தேதி என்று ஐந்து வரை போகும். புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் 75 ரூபாய் நாணயம் தொல்லை தராத வகை: திறப்பும் வெளியீடும் 2023 மே 28 அன்றே நடந்தன, நாணயத்திலும் 2023 என்றுதான் இருக்கிறது. எம்.எஸ். பிறந்தது 1916 செப்டம்பர் 16. நாணயம் வெளிவந்ததோ 2017 செப்டம்பரில். ஆகவே உங்கள் டீலரும் இணையமும் சொல்வது இரண்டுமே சரியாக இருக்கலாம். ஒருவர் நூற்றாண்டைச் சொல்கிறார், மற்றவர் வெளியீட்டைச் சொல்கிறார்.

ஐந்துக்கும் ஐந்து பத்திகள் வையுங்கள். முதல் பத்தி "நாணயத்தில் உள்ளபடி". நாணயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணில் படுவதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுத வேண்டிய இடம் அது. ஊகத்துக்கு அங்கே இடமே கொடுக்கக் கூடாது.

நேரு நாணயத்தில் இருப்பது 1889-1964. பிறப்பு, இறப்பு ஆண்டுகள் அவை. அச்சடித்த ஆண்டு தனியாக இல்லை. அவர் மறைந்த ஆண்டிலேயே நாணயமும் வந்ததால் 1964 என்று எழுதினாலும் தப்பித்துவிடுவீர்கள். அதே பழக்கத்தில் இந்திரா காந்தி நாணயத்துக்கு வந்தால் மாட்டிக்கொள்வீர்கள்: அதில் 1917-1984, வெளியானதோ 1985. காந்தி நூற்றாண்டு நாணயத்தில் 1869-1948, வெளியானது 1969. கடைசி ஆண்டை எடுத்துப் போட்டால் இருபத்தோரு வருடம் தவறிப்போகும். சர்வதேசப் பட்டியல்களில் இவற்றை 'என்.டி.', அதாவது தேதியில்லாதது, என்று குறித்து ஆண்டை அடைப்புக்குள் போடுவார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம்: [1985]. சதுர அடைப்பு இருந்தால் அந்த ஆண்டு நாணயத்தில் இல்லை, வேறு ஆதாரத்திலிருந்து வந்தது என்று பொருள். நாளை இந்தப் பட்டியலை வேறொருவர் திறந்தாலும் குழம்ப மாட்டார்.

நடுவில் கோடு போட்ட எல்லா ஆண்டுகளும் வாழ்நாளைக் குறிப்பவை அல்ல. ரிசர்வ் வங்கியின் 1935-1985, 1935-2010, தண்டி யாத்திரையின் 1930-2005 ஆகியவை விழா ஆண்டுகள். பக்கத்தில் "வாழ்நாள்" அல்லது "விழா" என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள். மூன்றாவது வகையும் உண்டு: அச்சடித்த எண்ணிக்கைப் பட்டியல்களில் வரும் 2009-10 என்பது ஏப்ரல் முதல் மார்ச் வரையான நிதியாண்டு. அதை நாணயத்தின் ஆண்டாக ஏற்றவே கூடாது.

அரசிதழ்த் தேதிக்கு, 2011 நாணயச் சட்டத்தின் கீழ் நிதியமைச்சகம் வெளியிடும் விதிகளைத் தேடுங்கள். இ-கெஜட் தளத்தில் பகுதி 2, பிரிவு 3, உட்பிரிவு 1-இல் வரும். ஒவ்வொரு அறிவிப்புக்கும் தரப்படும் ஜி.எஸ்.ஆர். எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், அது இருந்தால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். தலைப்பில் ஆங்கிலத் தேதியோடு, இந்திய தேசிய நாட்காட்டியின் 'சக' ஆண்டும் அச்சாகியிருக்கும். 2023 மே மாத இதழில் 1945 என்று பார்த்துவிட்டு யாரும் பழைய அறிவிப்போ என்று நினைக்க வேண்டாம். 78 கூட்டினால் 2023. கீழே அறிவிப்புக்கென்று தனித் தேதியும் இருக்கும், அது தலைப்புத் தேதியிலிருந்து மாறுபடலாம். விதிகள் நடைமுறைக்கு வருவது அரசிதழில் வெளியான நாளில். எழுத வேண்டியது அந்தத் தேதியைத்தான். எடை, விட்டம், உலோகக் கலவை, பொறிக்க வேண்டிய சொற்கள் எல்லாம் அங்கே கிடைக்கும். வெளியீட்டு விழாவை அங்கே தேடாதீர்கள். அதற்குப் பி.ஐ.பி., அதாவது மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின், செய்திக்குறிப்பு நல்லது. நாளிதழ் கத்தரிப்பை நம்பினால் ஒரு நாளைக் கழிக்க மறக்காதீர்கள். கலைஞர் நாணயம் சென்னையில் வெளியானது 2024 ஆகஸ்ட் 18. கத்தரிப்பில் 19 என்றுதான் இருக்கும். சரியான நாள் கிடைக்காவிட்டால் மாதத்தோடு நிறுத்துங்கள். ஒன்றாம் தேதி என்று நீங்களாக நிரப்புவது, காலியாக விடுவதைவிட மோசம்.

எக்செல் அந்தத் தவறைத் தானாகவே செய்யும். 2017-09 என்று அடித்தால் அது 2017 செப்டம்பர் 1 ஆகச் சேமித்துக்கொள்ளும். 03-06-2024 என்பது அமெரிக்க அமைப்புள்ள கணினியில் மார்ச் 6 ஆகிவிடும். 1900-க்கு முந்தைய தேதியை அது தேதியாகவே ஏற்காது. காந்தி பிறந்த 1869 அக்டோபர் 2 வெறும் எழுத்தாகக் கிடக்க, மற்றவை எண்ணாகி, வரிசைப்படுத்தும்போது எல்லாம் கலைந்துபோகும். அடிக்கத் தொடங்கும் முன்பே ஐந்து பத்திகளையும் 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றி, ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் எழுதுங்கள்: 1869-10-02. வரிசைப்படுத்த மட்டும் ஆறாவதாக ஒரு பத்தி, அடைப்பு இல்லாமல், நான்கு இலக்கம். அதில் அச்சடித்த ஆண்டு. அது இல்லையென்றால் வெளியீட்டு ஆண்டு.

இந்திரா ஐந்து ரூபாய்க்கு உங்கள் வரி இப்படி அமையும்: உள்ளபடி 1917-1984, வாழ்நாள், வெளியீடு [1985], வரிசை 1985.

நாணயசாலைக் குறியை ஆண்டோடு ஒட்டி எழுதாதீர்கள், அதற்கும் தனிப் பத்தி வேண்டும். பெரும்பாலும் ஆண்டுக்குக் கீழே இருக்கும். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. கொல்கத்தாவுக்குக் குறி கிடையாது. அதனால் கட்டத்தைக் காலியாக விட்டால் கொல்கத்தா நாணயமா, நீங்கள் இன்னும் பார்க்கவில்லையா என்று பிறகு தெரியாது. "குறி இல்லை", "பார்க்கவில்லை" என்று வேறுபடுத்தி எழுதுங்கள். சேகரிப்போருக்கென்று பளபளப்பாக அச்சடிக்கும் மும்பை 'புரூஃப்' நாணயங்களில் 1995 வரை 'பி', 1996 முதல் 'எம்' என்ற எழுத்து இருக்கும்.

ஏற்கெனவே ஏற்றிய பழைய "ஆண்டு" பத்தியை இப்போதே அழிக்க வேண்டாம். "பழையது, சரிபார்க்கவில்லை" என்று பெயர் மாற்றி ஓரமாக வைத்துக்கொண்டு, நாணயத்தை எடுத்துப் பார்த்த வரியில் மட்டும் காலி செய்துகொண்டே வாருங்கள். இரண்டு ஆண்டுகளைக் கோட்டோடு சுமக்கும் நாணயங்களை முதலில் எடுங்கள். தவறு அதிகம் இருப்பது அவற்றில்தான்.