கார்ப்பரேஷன் குழாயில் போட்ட என்.ஆர்.வி.யை, அதாவது தண்ணீரைத் திரும்பிப் போகவிடாத வால்வை, வீட்டுக்காரர்கள் சோதித்துப் பார்க்க வேண்டுமா? எப்படி?

பார்த்தே ஆக வேண்டும். பார்க்காமல் விட்டுக் குடித்தனக்காரர்களிடம் பேச்சு வாங்கியவன் நான்.

கோவையில் சிறுவாணி வரும் பகுதியில் எங்களுக்கு ஐந்து லைன் வீடுகள். குடிக்கப் பிடிக்கும் குழாய் வாசலில். அதைத் தாண்டி ஒரு என்.ஆர்.வி., அதற்கப்புறம் போர்வெல் லைன் வந்து சேரும். அப்பா செய்த ஏற்பாடு. ஒருநாள் கடைசி வீட்டு அக்கா, "ஏனுங் தம்பி, நல்ல தண்ணீலயே பருப்பு வேகமாட்டேங்குதுங்க" என்றார். சப்ளை வந்ததும் பிடித்த முதல் குடத்தில், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரை விட்டேன். 900! சிறுவாணி எங்கள் மீட்டரில் 50ஐத் தாண்டியதே இல்லை.

உப்பு படிந்து வால்வின் தகடு சரியாக மூடவில்லை. தெருவில் சப்ளை நின்றால் அந்தப் பக்கம் அழுத்தம் இறங்கிவிடும். இந்தப் பக்கம் மோட்டார் தள்ளும்போது போர் தண்ணீர் பின்னால் போகத்தானே செய்யும். நம் வாசலோடு நிற்காது, பக்கத்து வீட்டுக் குடத்துக்கும் போகும்.

அமெரிக்காவில் பல ஊர்களில் இதற்கென உரிமம் பெற்றவர் வருடம் ஒருமுறை அழுத்தமானி வைத்துச் சோதிப்பார். அங்கே மாட்டும் தடுப்புக் கருவியிலேயே சோதனைக் குழாய்கள் இருக்கும். நம் பித்தளை வால்வில் அதெல்லாம் கிடையாது. தெருத் தண்ணீரை அடைக்கும் கேட் வால்வுக்கும் என்.ஆர்.வி.க்கும் நடுவில் ஒரு குழாய் இருந்தால் போதும். கேட் வால்வை இறுக மூடி, அந்தக் குழாயைத் திறந்து தண்ணீரை வடிய விடுங்கள். பிறகு போர் மோட்டாரைப் போட்டுப் பத்து நிமிடம் பாருங்கள். சொட்டினால் டி.டி.எஸ். பாருங்கள். உப்புத் தண்ணீர் என்றால் வால்வு போச்சு. கேட் வால்வே ஒழுகினால் நல்ல தண்ணீர்தான் சொட்டும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். புது வால்வு போடும்போது அதன் மேலுள்ள அம்புக்குறி வீட்டுப் பக்கம் பார்க்கட்டும். தலைகீழாக மாட்டிய பிளம்பரையும் பார்த்திருக்கிறேன்.

நான் கடைசியில் இரண்டு லைனையும் பிரித்தே விட்டேன். இப்போது கார்ப்பரேஷன் தண்ணீர் தனித் தொட்டியில் மேலிருந்து விழுகிறது. குழாய் வாய், தொட்டி வழியும் மட்டத்துக்கு மேல் குழாய் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு உயரத்தில் இருக்க வேண்டும், எப்படியும் ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. காற்றைத் தாண்டித் தண்ணீர் பின்னால் போகாது.

"நல்லா இருந்த பைப்ப வெட்டிப்போட்டான்" என்று அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.