பக்கத்து வீட்டுக்காரர் மறுத்தால் லாஃப்டில் அறை எடுக்க முடியாதா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் எங்களுடையது 1930களில் கட்டிய செமி-டிடாச்ட் வீடு (ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு ஒட்டியது). பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். பக்கவாட்டுக் கூரைச் சரிவை எடுத்துவிட்டுச் சுவரை உயர்த்தி, பின்பக்கம் டார்மர் (கூரைச் சரிவிலிருந்து வெளியே நீட்டும் ஜன்னல் அமைப்பு) வைத்து, லாஃப்டில், அதாவது கூரைக்கு அடியில் உள்ள இடத்தில், ஒரு படுக்கையறை எடுக்க நினைக்கிறோம். பிளானிங் பெர்மிஷன் (கவுன்சிலின் கட்டட அனுமதி) தேவையில்லை என்கிறார் பில்டர். ஒட்டிய வீட்டுக்காரரோ சம்மதிக்க மாட்டேன் என்கிறார். எது சரி?

பதில்: பில்டர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அவருடைய வாய்வார்த்தையை நம்பிக் கூரையைப் பிரித்துவிடாதீர்கள்.

இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டு உத்தரவு ஒன்று, வரம்புக்குள் நடக்கும் கூரை வேலைகளுக்குப் பொது அனுமதி தந்திருக்கிறது. 'பெர்மிட்டட் டெவலப்மென்ட்' என்பது இதுதான். செமி வீட்டுக்கு வரம்பு 50 கன மீட்டர். கூரைக்குள் ஏற்கெனவே உள்ள இடம் இதில் சேராது; புதிதாகக் கூடும் அளவு மட்டுமே. உங்கள் பக்கச் சுவர் வேலை, டார்மர் இரண்டுக்கும் சேர்த்துத்தான் கணக்கு. முந்தைய உரிமையாளர் கூரையில் ஏதாவது கூட்டியிருந்தால் அதையும் கழிக்க வேண்டும். பலர் சிக்கிக்கொள்வது இங்கேதான். வரைபடம் போடுபவரிடம் இந்தக் கணக்கை எழுத்தில் வாங்குங்கள். தெருவைப் பார்த்த முன்சரிவில் டார்மர் கூடாது, கூரை முகட்டைத் தாண்டவும் கூடாது. பக்கச் சுவர் ஜன்னலுக்கு மங்கல் கண்ணாடிதான். வீடு கன்சர்வேஷன் ஏரியாவில் (பழைமையைக் காக்கக் கவுன்சில் அறிவித்த பகுதி) இருந்தால் இந்தச் சலுகையே கிடையாது. முழு விண்ணப்பம் போட வேண்டும்.

எல்லாம் பொருந்தினாலும், கவுன்சிலிடம் 'லாஃபுல் டெவலப்மென்ட் சர்டிபிகேட்' (வேலை சட்டப்படியானது என்ற சான்றிதழ்) வாங்கிவிடுங்கள். கட்டாயமில்லைதான், ஆனாலும் வற்புறுத்திச் சொல்கிறேன். வீட்டை விற்கும்போது வாங்குபவரின் வக்கீல் இதைக் கேட்பார். அனுமதியில்லாத கட்டுமானத்தின் மேல் நடவடிக்கை எடுக்க முன்பு கவுன்சிலுக்கு 4 ஆண்டு அவகாசம் இருந்தது. 2024 ஏப்ரல் 25 முதல் முடியும் வேலைகளுக்கு அது 10 ஆண்டு.

சரி, ஒட்டிய வீட்டுக்காரர்? பெர்மிட்டட் டெவலப்மென்ட்டுக்கு அவர் சம்மதம் வேண்டியதில்லை. ஆனால் லாஃப்டின் இரும்பு உத்திரத்தை இருவருக்கும் பொதுவான சுவரில் செருகுவதென்றால், 1996ஆம் ஆண்டு பார்ட்டி வால் சட்டப்படி இரண்டு மாதம் முன்பே அவருக்கு எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். 14 நாளில் அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் தகராறு என்று கொண்டு சர்வேயர்கள் தீர்ப்பார்கள். செலவு பெரும்பாலும் உங்களுடையது. வேலையை எப்படிச் செய்வது என்று அவர்கள் முடிவு சொல்வார்கள். அவர் மறுக்கிறார் என்பதற்காக வேலை நின்றுவிடாது. நோட்டீஸ் இல்லாமல் தொடங்கினால் மட்டும் அவர் நீதிமன்றம் போய்த் தடை வாங்கலாம். நோட்டீஸை நீட்டும் முன் வரைபடத்தோடு ஒருமுறை அவர் வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள். பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கும்.

படிக்கட்டு, தீப் பாதுகாப்பு, தரையின் பலம் ஆகியவற்றுக்குப் பில்டிங் ரெகுலேஷன்ஸ் (கட்டடத் தர விதிகள்) ஒப்புதல் தனி. அந்த நிறைவுச் சான்றிதழ் கைக்கு வரும்வரை பில்டரின் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். ஒப்பந்தத்திலேயே அப்படி எழுதிக்கொள்ளுங்கள்.