முத்திரையிலிருந்து பொத்தானுக்கு: வாக்கு இயந்திரம் பற்றிக் கேள்வி பதில்

நான் ஓய்வு பெற்ற அரசுப் பள்ளி ஆசிரியன். 1989 சட்டமன்றத் தேர்தலில் முத்திரையும் பெட்டியுமாகத் தேர்தல் பணி தொடங்கியது. 2001-க்குப் பிறகு இயந்திரத்தோடு வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகவும், அப்புறம் மற்றவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவனாகவும் பல தேர்தல்கள் பார்த்துவிட்டேன். இயந்திரம் பற்றி எதுவானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையவே வந்துவிட்டது. யார் ஜெயிப்பார், எந்தக் கூட்டணி தேறும் என்பதையெல்லாம் எடுத்துக்கொள்ளவில்லை.

தஞ்சாவூர், கல்லூரி மாணவி: நம் நாட்டில் இயந்திரத்தில் முதல் ஓட்டு எங்கே விழுந்தது?

கேரளத்தில் பரவூர் தொகுதி, 1982 மே. தொகுதி முழுக்க இல்லை, 50 வாக்குச்சாவடிகளில் மட்டும் இயந்திரம், மற்றதில் வழக்கமான சீட்டு. அங்கே நின்ற இந்தியக் கம்யூனிஸ்ட் வேட்பாளர் சிவன் பிள்ளை, இயந்திரம் வேண்டாம் என்று தேர்தலுக்கு முன்பே உயர் நீதிமன்றம் போனார், நடக்கவில்லை. ஓட்டு எண்ணினால் அவரே 123 ஓட்டில் ஜெயித்துவிட்டார். இப்போது தோற்ற காங்கிரஸ்காரர் ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். 1984-இல் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் இயந்திரத்துக்கு இடமில்லை, தேர்தல் ஆணையம் தானாக அதைக் கொண்டுவர முடியாது என்று சொல்லி அந்த 50 சாவடிகளிலும் சீட்டு வைத்து மறுவாக்குப்பதிவு நடத்தச் சொன்னது. அதில் ஜோஸ் ஜெயித்தார்.

இயந்திரம் தப்பாக எண்ணியது என்று நீதிமன்றம் சொல்லவில்லை, சட்டம் இல்லை என்றுதான் சொன்னது. அதற்குப் பிறகுதான் 1988 கடைசியில் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 61ஏ பிரிவு சேர்ந்தது. 1998 நவம்பரில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், டெல்லி மூன்றிலும் சேர்த்து 16 தொகுதி, 2001-இல் தமிழ்நாடு முழுக்க, 2004-இல் நாடு முழுக்க என்று வந்து சேர்ந்தது. பரவூரிலிருந்து எண்ணினால் 22 வருஷம். அந்த நிதானம் நமக்கு நல்லதுதான் செய்தது என்பது என் எண்ணம்.

சேலம்: ப்ளூடூத் வைத்து வெளியிலிருந்து மாற்ற முடியுமாமே?

முடியாது. அதில் ப்ளூடூத், வைஃபை, சிம் எதுவும் இல்லை. கன்ட்ரோல் யூனிட் (அலுவலரிடம் இருப்பது), விவிபேட் (போட்ட ஓட்டைச் சீட்டில் அச்சடித்துக் காட்டும் பெட்டி), பேலட் யூனிட் (வாக்காளர் பொத்தானை அழுத்துவது) மூன்றும் கேபிளில் மட்டும்தான் பேசிக்கொள்கின்றன.

விழுப்புரம்: கரண்ட் போனால் பதிவான ஓட்டு போய்விடுமா?

போகாது. பேட்டரியில் ஓடுகிறது.

மதுரை: வாக்காளர் பட்டியலில் என் பெயர் இல்லை, என்ன செய்வது?

இது என் வேலையில்லை. 1950-க்கு ஃபோன் போடுங்கள், இல்லாவிட்டால் படிவம் 6 எழுதிக் கொடுங்கள். ஓட்டு நாளன்று காலையில் வந்து பூத்தில் சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை, உள்ளே உட்கார்ந்திருப்பவரால் ஒரு பெயரைக்கூடச் சேர்க்க முடியாது.

ஈரோடு, விவசாயி: சீட்டு முறைதான் நல்லது என்று எங்கள் அப்பா சொல்கிறார். இரண்டையும் பார்த்தவர் நீங்கள், எது நல்லது?

உங்கள் அப்பாவிடம் சீட்டு மடிக்கிற விதத்தைக் கேட்டுப் பாருங்கள். நீளவாக்கில் முதல் மடிப்பு, அப்புறம் குறுக்கே. மாற்றி மடித்தால் ஈர மை அடுத்த சின்னத்தில் ஒட்டும். அழுத்திய முத்திரை தெளிவாக இருந்தால் அந்த ஓட்டு செல்லும் என்பதுதான் விதி, ஆனாலும் எண்ணும் மேஜையில் இரண்டு ஏஜென்ட்டுகளும் அந்த ஒரு சீட்டைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் விடமாட்டார்கள். இரண்டு சின்னத்துக்கும் நடுக்கோட்டில் முத்திரை, முத்திரைக்குப் பதில் கைநாட்டு, பின்பக்கத்தில் முத்திரை, எல்லாம் பார்த்திருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி வெயிலில் நின்று போட்ட ஓட்டு அது. செல்லாது என்று தனிக் கட்டில் வைக்கும்போது வயிறு எரியும். இயந்திரத்தில் பதிந்த ஓட்டு அப்படிக் குப்பைக்குப் போவதில்லை.

இன்னொன்று, பூத்தைக் கைப்பற்றுவது. சீட்டுக் கட்டு ரௌடி கையில் போனால் கால் மணி நேரத்தில் பெட்டி நிரம்பிவிடும். இயந்திரத்தில் அலுவலர் ஒவ்வொரு முறையும் 'பேலட்' பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த ஓட்டு, நிமிடத்துக்கு நாலைந்துக்கு மேல் போகவே போகாது. அதற்குள் அலுவலர் 'க்ளோஸ்' அழுத்திவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. அப்படிச் செய்ய வேண்டும் என்று விதியே இருக்கிறது.

உங்கள் மாவட்டத்துக் கதையையே எடுங்கள். 1996-இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறையைக் கவனிக்கச் செய்ய மொத்தமாக வேட்புமனு போட்டதில் 1,033 பேர் நின்றார்கள். வாக்குச் சீட்டைப் புத்தகமாகத் தைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த வருஷமே டெபாசிட் தொகையை ஏற்றினார்கள், சட்டமன்றத்துக்கு 250 ரூபாய் 5,000 ஆனது. 2019-இல் நிஜாமாபாத் மஞ்சள் விவசாயிகள் இதையே செய்தபோது 185 பேர், 12 பேலட் யூனிட்டை வரிசையாக மாட்டி இயந்திரத்திலேயே நடத்தி முடித்தார்கள். அந்த இயந்திரத்தில் 24 யூனிட் வரை மாட்டலாம். 2023 ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலில் 77 பேருக்கு 5 யூனிட் வைத்தது உங்களுக்கே தெரிந்திருக்கும்.

எனக்கு இயந்திரம்தான். ஆனால் இயந்திரத்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கச் சொல்லமாட்டேன்.

பெங்களூரு, மென்பொருள்காரர்: 'ப்ளூடூத் இல்லை' என்பதோடு முடித்துவிட்டீர்கள். 2010-இல் கணினிப் பொறியாளர் ஹரி பிரசாத் குழுவினர் இயந்திரத்தைத் திறந்து முடிவை மாற்றிக் காட்டினார்களே?

காட்டினார்கள், மறுக்கவில்லை. முடிவு காட்டும் பலகையை மாற்றி வைத்தார்கள், நினைவகச் சில்லில் ஒரு சிறு கருவியைக் கவ்வ வைத்தார்கள். இயந்திரத்தோடு தனியாக நேரம் கிடைத்தால் என்ன செய்யலாம் என்பதற்கு அது சாட்சி. எங்கே கிடைத்தது என்று கேட்டு அவரைக் கைது செய்தது சரியில்லை என்று அப்போதே நினைத்தேன், இன்றும் அதே எண்ணம்தான். கேள்வி கேட்டவருக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும்.

அந்தப் பாடத்தை இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்: இயந்திரம் எந்த எண்ணுள்ளது, யார் கையில் இருந்தது, எந்த சீல் எப்போது ஒட்டியது, இதைக் கட்சிக்காரர்கள் விடாமல் பார்க்க வேண்டும். எந்த இயந்திரம் எந்தத் தொகுதிக்கு, எந்தப் பூத்துக்கு என்று கணினியில் இரண்டு முறை குலுக்கி எண் பட்டியலை வேட்பாளர்களுக்குக் கொடுக்கிறார்கள். அந்தப் பட்டியலைப் பூத்துக்கு எடுத்துவந்து ஒத்துப் பாருங்கள். பயிற்சிதோறும் சொல்லிச் சொல்லி அலுத்தேன், எடுத்து வருகிற ஏஜென்ட் பத்தில் ஒருவர்கூட இல்லை.

நாகர்கோவில்: ப்ளூடூத் மூலம்…

மேலே சேலத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

பெங்களூரு, அதே நண்பர்: எண்ணை ஒத்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் நிரல் தெரிந்துவிடுமா ஐயா? எந்தப் பொத்தான் எந்தக் கட்சிக்கு என்று கருவிக்குத் தெரியாது என்பதுதான் ஆணையத்தின் பெரிய வாதம். விவிபேட் வந்த பிறகு சின்னத்தை லேப்டாப்பிலிருந்து ஏற்றுகிறார்களே! அந்த விவிபேட், பேலட் யூனிட்டுக்கும் கன்ட்ரோல் யூனிட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

நல்ல கேள்வி. இதில் நீங்கள் சொல்வது சரி. பேலட் யூனிட்டுக்கும் கன்ட்ரோல் யூனிட்டுக்கும் ஒன்றாம் பொத்தான், இரண்டாம் பொத்தான் என்பதற்கு மேல் தெரியாது. வேட்பாளர் வரிசையே கடைசியில்தான் முடிவாகிறது. விவிபேட்டுக்கு மட்டும் சின்னம் தெரியும், தெரியாமல் எப்படி அச்சடிக்கும்? 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், சின்னம் ஏற்றும் கருவிகளையும் சீல் வைத்து 45 நாள் வைத்திருக்கச் சொன்னதும், இரண்டாம் மூன்றாம் இடம் வந்தவர் கேட்டால் 5 சதவீத இயந்திரங்களின் சில்லைப் பரிசோதிக்கலாம் என்றதும் அதனால்தான்.

ஆனால் விவிபேட் அச்சடித்த சீட்டை வாக்காளர் 7 விநாடி கண்ணால் பார்க்கிறார். சீட்டுக்கும் இயந்திரக் கணக்குக்கும் வித்தியாசம் வந்தால் விதிப்படி சீட்டுதான் செல்லும். ஆகவே நிரலைத் திறந்து காட்டு என்பதைவிட, அந்தச் சீட்டை எண்ணு என்று கேட்பதுதான் சாதாரண ஆளுக்குப் பயன்படும்.

பெங்களூரு: அப்படியானால் எல்லாவற்றையும் எண்ணலாமே? ஜெர்மனியில் 2009-இல் அரசியல் சாசன நீதிமன்றம், தொழில்நுட்ப அறிவு இல்லாத குடிமகனும் சரிபார்க்க முடியாத இயந்திரம் கூடாது என்று சொல்லிவிட்டது. பிலிப்பைன்ஸ் 2010-இல் மாறியபோதுகூட மக்கள் காகிதத்தில் வட்டத்தை நிரப்பி அதைத்தான் இயந்திரத்துக்குள் விட்டார்கள். காகிதம் கையில் இருந்தது.

அந்த ஜெர்மானியத் தீர்ப்பின் கொள்கையை நான் முழு மனதோடு ஏற்கிறேன். என் அம்மா மூன்றாம் வகுப்பு படித்தவர், அவருக்கும் புரிய வேண்டும். நம்மிடம் அப்படிப் புரியக்கூடியது விவிபேட் சீட்டு ஒன்றுதான். 2019-இலிருந்து ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு 5 பூத் சீட்டுகளைக் குலுக்கலில் எடுத்து எண்ணுகிறார்கள். தமிழ்நாட்டுக்கு 234-ஐ 5-ஆல் பெருக்கினால் 1,170. 2024-இல் இங்கே 68 ஆயிரத்துக்கும் மேல் வாக்குச்சாவடிகள். நூற்றுக்கு இரண்டுகூட வரவில்லை. இது போதாது என்பதுதான் என் கருத்து.

ஆனால் அத்தனையையும் கையால் எண்ணு என்பதில் உங்களோடு நான் இல்லை. அது வழவழப்பான சின்னத் தாள், விசிறி ஓடினால் பறக்கும், ஒன்றோடொன்று ஒட்டும், ராத்திரி பத்து மணிக்கு மேல் எண்ணுகிற மனிதன் தப்புவிடுவான். நானே விட்டு, மறுபடி எண்ணியிருக்கிறேன். வித்தியாசம் குறைவாக இருக்கிற தொகுதியில் முழுவதும் எண்ணுங்கள், மற்றதில் 5-ஐக் கூட்டுங்கள். சீட்டு எண்ண ஒரு இயந்திரம் வைக்கலாமா என்று பார்க்கும்படி மேலே சொன்ன 2024 தீர்ப்பில் நம் உச்ச நீதிமன்றம் ஆணையத்துக்கு யோசனை சொல்லியிருக்கிறது. அது வந்தால் நீங்கள் கேட்பதும் நடக்கும்.

பெங்களூரு: தப்பு நடக்கும் என்பதற்காக எண்ணாமல் விடுவதா? இரண்டு நாள் தாமதமானால் என்ன குடி முழுகிவிடும்?

முழுகாது. தாமதத்தை நான் காரணமாகச் சொல்லவே இல்லை, தப்பைத்தான் சொன்னேன். இதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை, மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கடலூர்: விவிபேட்டில் வேறு சின்னம் தெரிந்தால்?

அங்கேயே தலைமை அலுவலரிடம் சொல்லுங்கள். எழுதி வாங்கிக்கொண்டு ஏஜென்ட்டுகள் முன்னால் சோதனை ஓட்டுப் போட வைப்பார். நிஜமாகவே தப்பாக வந்தால் அந்த இயந்திரத்தில் வாக்குப்பதிவை நிறுத்திவிடுவார். பொய்ப் புகாராக இருந்தால் தண்டனை உண்டு என்பதால் பலர் வாயைத் திறக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தண்டனை விதி இந்த இடத்தில் இருக்கக்கூடாது என்பேன். பயந்துகொண்டு வெளியே போய்ப் பேசுகிறவர்களைத்தான் அது உண்டாக்குகிறது.

திருப்பூர்: ப்ளூடூத், செயற்கைக்கோள் வழியாக…

மூன்றாவது முறை. இனி இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

சென்னை: எழுத்தாளர் சுஜாதாதான் இதைக் கண்டுபிடித்தார் என்பது உண்மையா?

தனியாளாக இல்லை. பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸில் அவர் பொறியாளராக இருந்தபோது இயந்திரத்தை உருவாக்கிய வேலையை மேற்பார்த்தார்.

கரூர் பக்கத்துக் கிராமம், பெயர் வேண்டாம் என்கிறார்: எங்கள் தெரு எந்தப் பக்கம் போட்டது என்று உள்ளூர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. எப்படி?

இத்தனை பேரில் நீங்கள் ஒருவர்தான் இதைக் கேட்டிருக்கிறீர்கள். சீட்டுக் காலத்தில் பல பூத்துச் சீட்டுகளைக் கலந்து எண்ணுகிற ஏற்பாடு இருந்தது. இயந்திரத்தில் ஒவ்வொரு கன்ட்ரோல் யூனிட்டும் தன் பூத் கணக்கைத் தனியாகச் சொல்லிவிடுகிறது, எண்ணும் மேஜையில் ஏஜென்ட்டுகள் எழுதிக்கொள்கிறார்கள், பூத்வாரியாகப் படிவம் 20 என்ற முடிவுத் தாளிலும் வந்துவிடுகிறது. ஆயிரம் ஓட்டுள்ள பூத், அதில் உங்கள் காலனி மட்டும் என்றால் ரகசியம் எங்கே இருக்கிறது? தனி ஆளின் ஓட்டு தெரியாது, தெருவின் ஓட்டு தெரிந்துவிடும். அப்புறம் தண்ணீர்க் குழாய் வராது, ரோடு வராது.

இதற்கு மருந்தும் உண்டு. பல இயந்திரங்களை ஒன்றாக இணைத்து மொத்தத் தொகையை மட்டும் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையமே 2008-இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015-இல் வேண்டும் என்று பரிந்துரைத்தது. இன்னும் வரவில்லை. எந்தத் தெருவில் பலம், எந்தத் தெருவில் வேலை செய்ய வேண்டும் என்ற கணக்கு எல்லாக் கட்சிக்கும் தேவைப்படுகிறது, அதனால் யாரும் இதற்காகக் குரல் கொடுப்பதில்லை என்று நினைக்கிறேன். இயந்திரம் வந்ததால் நாம் நிஜமாக இழந்தது இதைத்தான். ப்ளூடூத் என்று கேட்ட மூன்று பேரும் இதைக் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

திருநெல்வேலி: என் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டால்?

ஆய்வுக்குரிய வாக்கு என்று கேளுங்கள், தேர்தல் நடத்தை விதி 49P. அடையாளத்தை உறுதி செய்துகொண்டு தாள் சீட்டுத் தருவார்கள், இயந்திரத்தில் விடமாட்டார்கள்.

புதுக்கோட்டை, முதல் முறையாகப் பூத் ஏஜென்ட்டாக உட்காரப் போகும் பெண்: நான் கவனிக்க வேண்டியது என்ன அண்ணா?

ஓட்டு 7 மணிக்கு என்றால் மாதிரி வாக்குப்பதிவு ஐந்தரைக்கு, அம்மா. அதற்கு முன்னால் போய்விடுங்கள். 50 ஓட்டாவது போட்டுக் காட்ட வேண்டும். முடிந்ததும் க்ளோஸ், ரிசல்ட், க்ளியர், மூன்றும் அந்த வரிசையில் நடக்கிறதா பாருங்கள். எங்கள் மண்டலத்தில் ஒரு பூத்தில் ஒருமுறை க்ளியர் அழுத்த மறந்துவிட்டார்கள். எண்ணுகிற நாளில் பதிவேட்டைவிட இயந்திரத்தில் ஓட்டு அதிகம், மோசடி என்று ஒரே கூச்சல், மாதிரி ஓட்டுதான் அது என்று விளங்கவைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அந்த பூத்தில் இருந்த எந்த ஏஜென்ட்டும் காலையில் 'டோட்டல்' அழுத்தி பூஜ்ஜியம் காட்டச் சொல்லிக் கேட்கவில்லை. விவிபேட் பெட்டியிலிருந்து மாதிரிச் சீட்டுகளை எடுத்துக் கருப்பு உறையில் போடுவதையும் பாருங்கள். பச்சைத் தாள் சீலில் கையெழுத்துப் போடுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் க்ளோஸ் அழுத்தியதும் மொத்த ஓட்டு எண்ணிக்கை வரும். அதைப் படிவம் 17சி-யில் எழுதி உங்களுக்கு ஒரு நகல் தர வேண்டும், நீங்கள் கேட்காவிட்டாலும் தர வேண்டும் என்பது விதி. பஸ் போய்விடும், வீட்டில் குழந்தை அழும், அலுவலருக்கும் பெட்டி கட்டுகிற அவசரம் இருக்கும். இருந்தாலும் அந்தத் தாள் கைக்கு வராமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள். எண்ணும் நாளில் உங்கள் பூத் இயந்திரத்தைத் திறக்கும்போது அதே எண்ணிக்கை வருகிறதா என்று பார்க்க உங்கள் வேட்பாளர் கையில் இருக்கப்போவது அது ஒன்றுதான். மடிக்காமல் ஒரு ஃபைலில் வைத்து எடுத்துப் போங்கள்.