ஒல்லியான உடம்புக்கு ஏன் சர்க்கரை வருகிறது?

கேள்வி: வயது 34, உயரம் 168 செ.மீ., எடை 64 கிலோ. தெற்காசிய வம்சாவளி ஆண். பரிசோதனையில் எச்பிஏ1சி (கடந்த மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் அளவு) 6.1 வந்திருக்கிறது. சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையாம். கூட வேலை பார்க்கும் ஐரோப்பியர் 95 கிலோ. அவருக்கு எல்லாம் நார்மல். என் பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண்) சரியாகத்தானே இருக்கிறது? ரிப்போர்ட் தப்பா? எடையைக் குறைக்க வேண்டுமா?

பதில்: ரிப்போர்ட்டைச் சந்தேகிக்கும் முன் அந்த பிஎம்ஐ அட்டவணையைச் சந்தேகியுங்கள். உங்கள் பிஎம்ஐ 22.7. ‘25 வரை நார்மல்’ என்ற அளவுகோல் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளிலிருந்து வந்தது. ஆசியர்களில் பலருக்கு 23-லேயே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-லேயே சொல்லிவிட்டது. இங்கிலாந்தில் ஏறக்குறைய 15 லட்சம் பேரின் மருத்துவப் பதிவுகளை அலசி 2021-ல் வந்த ஆய்வு இன்னும் துல்லியமானது: வெள்ளையருக்கு பிஎம்ஐ 30-ல் இருக்கும் சர்க்கரை நோய் ஆபத்து, தெற்காசியருக்கு 23.9-லேயே வந்துவிடுகிறது. சீன வம்சாவளியினருக்கு 26.9, கறுப்பினத்தவருக்கு 28.1.

காரணம், கொழுப்பு எங்கே தங்குகிறது என்பதில் இருக்கிறது. தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பால் பெரிய தொந்தரவு இல்லை. தெற்காசியர்களுக்கு அந்த இடம் சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. மிச்சம் கல்லீரலிலும் வயிற்று உறுப்புகளைச் சுற்றியும் சேர்கிறது. கொழுப்பு படிந்த கல்லீரல் இன்சுலினுக்குக் கட்டுப்படாமல் சர்க்கரையை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். போதாக்குறைக்கு, சராசரியாகத் தசையும் குறைவு. ரத்தத்திலிருந்து சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும் முக்கியமான இடம் தசைதான்.

எல்லோருக்கும் இதே பாதை இல்லை. கிழக்காசியர்களுக்கு இன்சுலின் சுரக்கும் திறனே குறைவாக இருப்பது பெரிய காரணம். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்குக் கல்லீரல் கொழுப்பு குறைவாக இருந்தாலும் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது உடல் இன்சுலினுக்குக் கட்டுப்படாத தன்மை, அதிகமாக இருக்கலாம்.

‘அப்படியானால் இது தலையெழுத்தா?’ என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. பிமா பழங்குடியினரைப் பாருங்கள். 2006-ல் வெளிவந்த ஒப்பீட்டில், அமெரிக்காவின் அரிசோனாவில் வாழ்ந்த பிமா மக்களில் 38 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய். மெக்சிகோ மலைப்பகுதியில் உடலுழைப்போடு வாழ்ந்த பிமா மக்களில் 6.9 சதவீதம்தான். மரபணு நெருக்கம் இருந்தும் இவ்வளவு வித்தியாசம்!

எடை விஷயத்துக்கு வருவோம். அதே 2006-ல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில், உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவே இல்லை! அதனால் உங்கள் குறி எடை மெஷினில் இருக்க வேண்டாம், இடுப்பில் இருக்கட்டும். டேப்பை பெல்ட் போடும் இடத்தில் சுற்றாதீர்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் வைத்து, மூச்சை இயல்பாக விட்டபின் அளவெடுங்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. உங்கள் உயரத்துக்கு 84-க்குள் இருந்தால் இன்னும் நல்லது. தினசரி நடையோடு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் அவசியம். ஒல்லியானவர்கள் நடையோடு நிறுத்திவிடுகிறார்கள். அது போதாது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் சந்தேகத்திலும் ஒரு நியாயம் உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி கூடுதலாகக் காட்டும். ஹீமோகுளோபினைப் பாருங்கள். வெறும் வயிற்றிலும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்தும் சர்க்கரையைப் பாருங்கள். இரண்டாவது அளவு 140 முதல் 199-க்குள் இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை உறுதி. 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய்க்கான எல்லைக்கே வந்துவிட்டீர்கள், மருத்துவரிடம் காட்டி உறுதிசெய்ய வேண்டும். காரணமில்லாமல் எடை இறங்கினாலோ, தாகமும் சிறுநீரும் அதிகமானாலோ அடுத்த பரிசோதனைத் தேதிவரை காத்திருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். ஒல்லியானவர்களுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய் (உடலில் இன்சுலின் சுரப்பே அற்றுப்போகும் வகை) இந்த வயதிலும் தொடங்கலாம். அதற்கு இன்சுலின் தேவை.